ஆட்டக்காரிக்கு விட்ட வழி

அம்முலுவைப் பற்றி எழுத எனக்குத் தகுதி கிடையாது. வேறு யாரும் எழுதப்போவதில்லை என்பதால் நானே எழுதுகிறேன். சாலவாக்கத்திலிருந்து இரண்டு மைல் உள்ளே தள்ளி, எழுபது சென்ட் நிலத்தைக் கெட்டியாகப் பிடித்துக்கொண்டு தனியாக மல்லுக்கு நின்றவள் அவள். அந்த ஊர் இப்போது அவளை மறந்திருக்கும். எனக்கு அந்தக் கொடுப்பினை இல்லை.

எண்பத்தொன்றாம் வருஷம் நான் உத்திரமேரூர் பட்டு வளர்ச்சி அலுவலகத்துக்கு மாற்றலாகி வந்தேன். காஞ்சிபுரத்துத் தறிகளுக்கு வேண்டிய பட்டை நம் பக்கத்திலேயே விளைவிக்கலாம் என்று மேலிடத்தில் தீர்மானித்து, கிராமம் கிராமமாகப் பட்டுப்புழு வளர்க்கச் சொல்லிக்கொண்டிருந்த காலம். வளர்க்கிறவர்களுக்குப் புழு முட்டை ஒட்டிய அட்டைகளைக் கொடுப்பது, தட்டு, வலை முதலான சாமான்களைக் கொடுத்துக் கையெழுத்து வாங்குவது, வாரம் ஒரு தடவை சைக்கிளில் போய்ப் புழுக்களைப் பார்த்து ரிப்போர்ட் எழுதுவது, இதெல்லாம் என் உத்தியோகம். வயது இருபத்தாறு. படித்த படிப்பை நினைத்துக் கொஞ்சம் தலைக்கனமும் உண்டு.

அம்முலுவுக்கு அப்போது நாற்பது இருக்கும். புருஷன் ஏகாம்பரம் மஞ்சள் காமாலையில் போய்ச் சேர்ந்து மூன்று வருஷமாகியிருந்தது. பிள்ளை குட்டி இல்லை. அவன் தம்பி வேதகிரி, துக்கம் விசாரிக்க வந்தவர்கள் கிளம்புவதற்குள் நிலத்தைப் பற்றிப் பேச்செடுத்துவிட்டானாம். பிள்ளையில்லாதவளுக்கு நிலம் எதற்கு என்பது அவன் கட்சி. ஊர்ப் பெரியவர்கள் கூடி நடுவாந்திரமாக ஒன்று சொன்னார்கள். அம்முலு பயிர் வைக்கிற வரைக்கும் நிலம் அவளுடையது, தரிசாகப் போட்டால் வேதகிரி எடுத்துக்கொள்ளலாம் என்று. வேதகிரி மறுபேச்சில்லாமல் ஒப்புக்கொண்டான். ஏன் ஒப்புக்கொண்டான் என்பது அடுத்த நடவின்போது தெரிந்தது. அவன் பேச்சை மீறி அவளுக்கு ஏர் ஓட்ட அந்த ஊரில் ஒரு ஆள் வரவில்லை.

"சட்டப்படி நிலம் உங்களுதுதாம்மா" என்று நான் ஒரு தடவை சொன்னேன்.

"சட்டம் வந்து ஏர் ஓட்டுமா சார்?" என்றாள்.

அவளுக்குக் கைகொடுத்தது மல்பெரிச் செடி. ஒரு தடவை நட்டால் பத்துப் பன்னிரண்டு வருஷம் நிற்கும். போகத்துக்குப் போகம் உழ வேண்டாம், நாற்று விட வேண்டாம், ஏர்க்காரன் வாசலில் போய் நிற்க வேண்டாம். இலையைப் பறித்துப் புழுவுக்குப் போட்டு, செடியைக் கவாத்து செய்தால் மறுபடி தழைத்துக்கொள்ளும். கடப்பாரையும் மண்வெட்டியும் வைத்துக்கொண்டு மூன்று மாசம் தன் கையாலேயே குழி போட்டு எழுபது சென்ட்டிலும் நட்டிருந்தாள். நிலத்தின் ஓரத்தில் மண் சுவர் வைத்து, பனையோலை வேய்ந்து, இரண்டு ஜன்னல் விட்டுப் புழுக் கொட்டகையும் போட்டுவிட்டாள். செடி நின்று, கொட்டகையில் புழு இருக்கிற வரைக்கும் வேதகிரியால் அந்த மண்ணைத் தொட முடியாது. புழு இருக்க வேண்டுமானால் எங்கள் அலுவலகம் முட்டை தர வேண்டும். அவள் பிழைப்பு அந்த ஒரு நூலில்தான் தொங்கிக்கொண்டிருந்தது.

புழுவுக்குப் புகையிலை வாசமே ஆகாது என்று முதல் நாள் சொன்னேன். மறுவாரம் போனபோது அவள் உதடு வெளுத்துக் கிடந்தது. "பதினஞ்சு வயசுலேர்ந்து போட்டுக்கினு இருந்தேன் சார். வுட்டுட்டேன். புயு முக்கியமா, பொயல முக்கியமா?" என்று சிரித்தாள். அந்த வட்டாரத்தில் அவளைப்போல் சுத்தமாகப் புழு வளர்த்தவர்கள் இல்லை. முட்டை பொரித்ததிலிருந்து இருபத்தேழு நாள் இலை தின்று, நாலு தடவை தோலுரித்து, சந்திரிகை என்கிற மூங்கில் தட்டியில் ஏறி அவை பட்டுக்கூடு கட்டுகிற வரைக்கும் கொட்டகையைவிட்டு நகர மாட்டாள். கடைசி வாரத்தில் புழுக்கள் இலை தின்கிற சத்தம் தூறல் போடுகிற மாதிரி கேட்கும். அதைக் கேட்டுக்கொண்டு கண்ணை மூடி உட்கார்ந்திருப்பாள்.

எண்பத்திரண்டு தை மாசம் எங்கள் பக்கத்துக்கு ஊசி ஈ வந்து சேர்ந்தது. வீட்டு ஈயைவிடப் பருமன், முதுகில் நாலு கறுப்புக் கோடு. பட்டுப்புழுவின் மேல் ஒரு நொடி உட்கார்ந்து வெள்ளையாக ஒரு முட்டையை ஒட்டிவிட்டுப் போய்விடும். இரண்டு நாளில் அந்த இடத்தில் கறுப்பாக மச்சம் விழும். அப்புறம் ஈயின் குஞ்சு, புழுவை உள்ளேயிருந்து உயிரோடு தின்ன ஆரம்பித்துவிடும். ஒரு ஈ முன்னூறு முட்டை வைக்கும். மருந்து அடிக்கவும் வழியில்லை. ஈயைக் கொல்கிற மருந்து முதலில் பட்டுப்புழுவைக் கொல்லும். ஜன்னல், கதவு எல்லாவற்றுக்கும் நைலான் வலை அடித்து, ஈ நுழையாமல் பார்த்துக்கொள்வது ஒன்றுதான் செய்யக்கூடியது. வலை வந்து சேர்வதற்குள் அம்முலுவின் தட்டுகளில் பாதி போய்விட்டது.

வேதகிரி வேலிக்கு அந்தப்புறம் நின்றுகொண்டு, "இன்னா அண்ணி, ஈ ஓட்டிக்கினு கீறீங்களாமே?" என்று கேட்டான். நான் பக்கத்தில் இருந்தேன். அவள் கையிலிருந்த இலையைக் கிழித்துக் கிழித்துத் தட்டில் போட்டுக்கொண்டே இருந்தாள். அடுத்ததும் இப்படிப் போனால் நிலத்தை மறந்துவிட வேண்டியதுதான் என்று அவளுக்கும் தெரியும், எனக்கும் தெரியும்.

பங்குனியில் ஒரு நாள் போனபோது உதட்டின் மேல் விரலை வைத்து என்னைப் பேசாமலிருக்கச் சொல்லி, கொட்டகையின் தெற்கு ஜன்னலை ஒட்டியிருந்த கொய்யா மரத்தைக் காட்டினாள். கை எட்டும் உயரத்தில் ஒரு கிளை. அதன்மேல் சின்னக் குழிக்கரண்டி அளவுக்கு ஒரு குருவிக்கூடு. நாரும் மெல்லிய புல்லும் வைத்து, வெளிப்பக்கம் முழுக்கச் சிலந்திவலையால் பூசி மெழுகியிருந்தது. பக்கத்தில் ஒரு குருவி நின்ற இடத்தில் நிற்காமல் ஆடிக்கொண்டிருந்தது. கறுத்த தலை, கண்ணுக்கு மேலே பட்டையாக வெள்ளைப் புருவம், வெளுத்த வயிறு. ஓலை விசிறியை விரிப்பது போல வாலை விரித்து, இந்தப் பக்கம் ஒரு திருப்பு, அந்தப் பக்கம் ஒரு திருப்பு. சட்டென்று காற்றில் தாவி எதையோ பிடித்துக்கொண்டு அதே கிளைக்கு வந்து உட்கார்ந்தது.

"ஆட்டக்காரின்னு பேரு வெச்சிக்கிறேன் சார்" என்றாள். "இதுல எது ஆம்பள, எது பொம்பளன்னு இதுவரிக்கும் எனக்குத் தெரியல. ரெண்டும் ஒரே மாதிரி கீது. மாத்தி மாத்தி ஒக்காந்து அடகாக்குது. நம்ம ஊர்ல எந்த ஆம்பள சார் அப்பிடி ஒக்காருவான்?"

அந்தக் குருவிகளைப் பற்றி அவள் சொன்னது முழுவதும் கண்ணால் கண்டது. வருஷம் முழுக்க அதே கொய்யா, அதே வேலி, அதே கிணற்று மேடு. மற்றக் குருவிகள் போல வெயிலுக்கு ஒரு ஊர், மழைக்கு ஒரு ஊர் என்று போகாது. விடியும்போது ஏறி இறங்கி ஏழெட்டுச் சுரத்தில் ஒரே பாட்டைத் திரும்பத் திரும்ப விசிலடிக்கும். காக்கை வந்தால் தன்னைவிடப் பத்து மடங்கு பெரிய அதன் முதுகிலேயே போய்க் கொத்தும். முட்டை மூன்று. வெளுத்த ரோஜா நிறத்தில், பருத்த முனையைச் சுற்றிப் பழுப்புப் புள்ளி. கூட்டைப் பூச அதற்குச் சிலந்திவலை வேண்டும் என்பதைக் கவனித்து, கொட்டகைக்குள் நூலாம்படையை அடித்துச் சுத்தம் செய்கிறவள், வெளியே கூரை இறவாணத்தில் இருந்ததை மட்டும் விட்டுவைத்திருந்தாள்.

அன்றைக்கு அது கொய்யாக் கிளையில் ஒரு ஈயை அடித்து அடித்துத் தின்றது. கீழே விழுந்த துண்டை அம்முலு பொறுக்கி என் உள்ளங்கையில் வைத்தாள். நாலு கறுப்புக் கோடு தெளிவாகத் தெரிந்தது.

"அந்தப் பாவிதான் சார். காத்தாலேர்ந்து ஒம்பது புடிச்சிடுச்சு. நான் எண்ணிக்கினே இருந்தேன்" என்றாள். கொட்டகை ஜன்னலைத் திரும்பிப் பார்த்து, "இத்த உள்ள வுட்டா இன்னா சார்?" என்றாள்.

சிரித்துவிட்டு வந்துவிட்டேன். அத்தோடு விட்டிருக்கலாம்.

வைகாசியில் மெட்ராஸிலிருந்து எங்கள் பெரிய அதிகாரி சுற்றிப் பார்க்க வருவதாகக் கடிதம் வந்தது. எதையாவது புதிதாகக் காட்ட வேண்டும் என்று எனக்கு ஒரே பரபரப்பு. அம்முலுவின் குருவி ஞாபகத்துக்கு வந்தது. கோடையில் ஊசி ஈ தானாகவே குறைந்துவிடும், மழை பிடித்தால்தான் பெருகும் என்று சுற்றறிக்கை வந்து என் மேஜை இழுப்பறைக்குள் கிடந்தது. ஆகவே இப்போது வலையில் ஒரு வழி விட்டாலும் நஷ்டம் ஒன்றும் வராது, அதிகாரி போனதும் அடைத்துக்கொள்ளலாம் என்று மனசுக்குள் கணக்குப் போட்டேன். பென்சில் சீவச் சட்டைப் பையில் ஒரு மடக்குக் கத்தி வைத்திருப்பேன். அதை எடுத்து, தெற்கு ஜன்னல் வலையில் ஒரு சாண் சதுரத்துக்கு மூன்று பக்கம் அறுத்து, தொங்கிய துண்டை மேலே மடித்துக் கட்டினேன்.

அம்முலுவே பதறிப்போனாள். "சர்க்கார் வலையாச்சே சார், அறுக்கலாமா?"

"நான் இருக்கேன் இல்லம்மா, எதுக்குப் பயப்படறீங்க?" என்றேன்.

அதிகாரி வந்த நாளில் எல்லாம் எழுதி வைத்த மாதிரி நடந்தது. அவர் கொட்டகைக்குள் நின்றுகொண்டிருக்கும்போதே ஆட்டக்காரி துளை வழியாக உள்ளே வந்து, கூரை மூங்கிலில் உட்கார்ந்து, வாலை விரித்து ஒரு ஆட்டம் ஆடிவிட்டு, அவர் தலைக்கு மேலேயே ஒரு ஈயைப் பிடித்தது. அவர் குழந்தை மாதிரி கை தட்டினார். மருந்தில்லாமல், செலவில்லாமல் ஈயை ஒழிக்கும் முறை என்று நான் நாலு பக்கம் ரிப்போர்ட் எழுதினேன். வலையை அறுத்தது யார் என்று அதில் எழுதவில்லை. அந்தத் தடவை அம்முலுவுக்குத்தான் வட்டாரத்திலேயே நல்ல விளைச்சல். கூடுகள் கல் மாதிரி கெட்டியாக இருந்தன. ஊரார் வந்து பார்த்துவிட்டுப் போனார்கள். வேதகிரி ஒரு மாசம் அந்தப் பக்கம் தலைகாட்டவில்லை.

ஈ குறைந்தது வெயிலால். அம்முலு குருவியால் என்று நம்பினாள். நான் அவள் நம்பிக்கையைத் திருத்தவில்லை. வலையைத் தைத்துவிடுங்கள் என்று சொல்ல மூன்று தடவை வாய்வரைக்கும் வந்தது. ஒவ்வொரு தடவையும், நாலு பக்க ரிப்போர்ட் மேஜை மேஜையாகப் போய்க்கொண்டிருக்கிறதே, இப்போது துளையை அடைத்தால் கேள்வி வருமே என்று வாயை மூடிக்கொண்டேன். புரட்டாசியில் அந்த ரிப்போர்ட்டின் பேரிலேயே என்னைப் பெங்களூருக்கு ஒரு மாசப் பயிற்சிக்கு அனுப்பினார்கள். போகிற அவசரத்தில் அவளிடம் சொல்லிக்கொள்ளக்கூட இல்லை.

திரும்பி வந்தபோது ஐப்பசி மழை கொட்டிக்கொண்டிருந்தது. மறுநாளே சைக்கிளை எடுத்துக்கொண்டு போனேன். கொட்டகை வாசலில் கால் வைத்ததும் நின்றுவிட்டேன். உள்ளே தூறல் சத்தம் இல்லை. கடைசி வாரத்துப் புழுக்கள், தின்ன வேண்டிய நேரத்தில், இலையின் மேல் சும்மா கிடந்தன.

"மச்சம் வந்துக்கினு கீது சார்" என்றாள் அம்முலு. "ஆட்டக்காரிங்க ரெண்டும் காலைலேர்ந்து சாயங்காலம் வரிக்கும் புடிச்சிக்கினுதான் கீது. ஒரு நிமிசம் சும்மா இல்ல. அப்பிடியும் எங்கேர்ந்து சார் வருது இவ்ளோ ஈ?"

நான் தெற்கு ஜன்னலைப் பார்த்தேன். வலையின் வெளிப்பக்கம் ஈக்கள் ஊர்ந்து ஊர்ந்து, துளையைக் கண்டதும் ஒவ்வொன்றாக உள்ளே வந்துகொண்டிருந்தன. குருவி நுழைய வைத்த வழியில் ஈ நுழையாதா என்பது ஒரு சின்னக் குழந்தை கேட்கிற கேள்வி. படித்த நான் அதைக் கேட்டுக்கொள்ளவில்லை. அவள் கேட்டிருப்பாள், நான் அறுத்த துளையாக இல்லாமலிருந்தால். அறுத்தது சார் என்பதால் பேசாமல் இருந்துவிட்டாள்.

பாதிப் புழுக்கள் தட்டிலேயே கறுத்துச் செத்தன. சந்திரிகையில் ஏறிக் கூடு கட்டியவற்றிலும் நாலாம் நாள் ஓட்டை விழ ஆரம்பித்தது. பட்டைத் துளைத்துக்கொண்டு வெள்ளை வெள்ளையாக ஈக்குஞ்சுகள், கீழே விரித்திருந்த காகிதத்தில் சொட்டுச் சொட்டென்று விழுந்தன. ஓட்டை விழுந்த கூட்டை எவனும் தொடமாட்டான், அதில் இழை அறுந்துபோயிருக்கும். அம்முலு தரையில் மண்டியிட்டு அவற்றைக் கையால் பொறுக்கிச் சோப்புத் தண்ணீரில் போட்டுக்கொண்டிருந்தாள். நானும் உட்கார்ந்து பொறுக்கினேன். பொறுக்கப் பொறுக்க விழுந்துகொண்டே இருந்தது.

அப்போது ஆட்டக்காரி உள்ளே வந்து மூங்கிலில் உட்கார்ந்தது. அம்முலு நிமிர்ந்து பார்த்தாள். ஒரு கைப்பிடி ஈக்குஞ்சுகளை அள்ளித் தட்டில் போட்டு, தட்டைக் குருவிக்கு நேரே உயர்த்திப் பிடித்தாள்.

"இந்தா, துன்னு. எவ்ளோ கீது பாரு. துன்னு."

குருவி தட்டைப் பார்க்கவேயில்லை. வாலை விரித்து, மடக்கி, இடம் வலமாகத் திரும்பி, காற்றில் போன ஒரு ஈயைத் தாவிப் பிடித்துக்கொண்டு மறுபடி வந்து உட்கார்ந்தது.

"பறக்கறதுதான் ஒன் கண்ணுக்குத் தெரியுமா? இங்க நெளிஞ்சிக்கினு கீறது தெரியலியா? துன்னேன்! துன்னு தொலையேன்!" தட்டை இன்னும் மேலே தூக்கினாள், அது சாய்ந்து எல்லாம் அவள் மேலேயே கொட்டியது. அப்படியே உட்கார்ந்து அழுதாள். புருஷன் செத்தபோதுகூட அவள் அப்படி அழவில்லை என்று பிறகு ஊரில் சொன்னார்கள். குருவி பயந்து வெளியே போய்விட்டது.

"அது அப்படித்தாம்மா. பெரும்பாலும் பறக்கறதைத்தான் பிடிக்கும்" என்றேன்.

முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டாள். "அதும் மேல தப்பில்ல சார். அதும் வயிறு எவ்ளோ கீது, என் கட்ட வெரலு அளவு. அது பசிக்கு அது துன்னுது. நான்தான் எனக்கோசரம் புடிக்குதுன்னு நெனச்சிக்கினு இருந்தேன்."

என்னைத் திட்டுவாள் என்று காத்திருந்தேன். திட்டியிருந்தால் எனக்குக் கொஞ்சம் நல்லதாக இருந்திருக்கும். அவள் மறுபடி குனிந்து பொறுக்க ஆரம்பித்துவிட்டாள்.

சேதக் கணக்கு போனதும் மெட்ராஸிலிருந்து விளக்கம் கேட்டுக் கடிதம் வந்தது. ஜன்னல் வலையில் துளை போட யார் அனுமதித்தது என்று ஒரே வரி. வைகாசியில் கை தட்டிய அதே மனுஷன்தான் கையெழுத்துப் போட்டிருந்தார். எனக்கு அப்போது பதவி உயர்வுப் பட்டியலில் பெயர் இருந்தது. இரண்டு நாள் யோசித்தேன். மூன்றாம் நாள் பதில் எழுதி அனுப்பினேன். அடுத்த வாரம் அம்முலுவைப் பார்த்துக் கடிதம் வந்ததைச் சொன்னபோது, "இன்னா சார் எழுதினீங்க?" என்று கேட்டாள்.

"மழையால ஈ ஜாஸ்தின்னு எழுதியிருக்கேன்" என்றேன்.

"நல்லா இருப்பீங்க சார்" என்றாள்.

தையில் அவளுக்கு முட்டை வரவில்லை. அடுத்த மாசமும் வரவில்லை. செடியில் இலை முற்றிப் பழுத்து உதிர்ந்துகொண்டிருந்தது. வேதகிரி பெரியவர்களிடம் போய், இலை பறிக்காத செடியைப் பயிர் என்பீர்களா புதர் என்பீர்களா என்று கேட்க ஆரம்பித்திருந்தான். அவர்கள் ஆடி வரைக்கும் தவணை சொன்னார்கள். அதற்குள் கொட்டகையில் புழு இருக்க வேண்டும். மாசிக் கடைசியில் ஒரு நாள் காலையில் அம்முலு எங்கள் அலுவலகத்துக்கே வந்துவிட்டாள். அவளை உத்திரமேரூரில் பார்த்தது அதுதான் முதல் தடவை. துவைத்த புடவை, தலையில் எண்ணெய். எங்கள் கிளார்க் ஜானகிராமனின் மேஜைக்கு முன்னால் நின்றாள். அவன் நல்லவன், யார் எது கேட்டாலும் ஃபைலைப் பிரித்துப் பார்த்து உள்ளதைச் சொல்லிவிடுவான்.

"உங்களுக்கு ஏன் முட்டை இல்லேன்னா..." என்று புரட்டிக்கொண்டே போனவன், ஒரு பக்கத்தில் நிறுத்தி உரக்கப் படித்தான். "'வளர்ப்பாளர் அலுவலகத்துக்குத் தெரிவிக்காமல் ஜன்னல் வலையைத் தாமே அறுத்துப் பறவைகளை உள்ளே விட்டுள்ளார். சேதத்துக்கு வளர்ப்பாளரின் கவனக்குறைவே காரணம்.' இப்படிப் போட்டிருக்கும்மா. கவனக்குறைவுன்னு போட்டுட்டா ஒரு வருஷத்துக்கு முட்டை கிடையாது. ரூல் அப்படி."

"யாரு சார் எய்தனது?"

ஜானகிராமன் பேனாவால் என் பக்கம் காட்டினான். என் முகத்தில் ஈயாடவில்லை. அம்முலு திரும்பி என்னைப் பார்த்தாள். பார்வை முகத்தில் நிற்காமல் என் சட்டைப் பைக்கு வந்தது. அந்த மடக்குக் கத்தி அதில்தான் இருந்தது. அதன் மேல் முனை வெளியே தெரிந்தது. அவள் அதைப் பார்த்துக்கொண்டே நின்றாள்.

அவள் வாயைத் திறந்தால் என் உத்தியோகத்துக்கு ஆபத்து. ஆனால் என்னைப் பகைத்துக்கொண்டு அந்த அலுவலகத்தில் முட்டை வாங்க முடியாது என்று அவளுக்குப் புரிந்திருக்க வேண்டும். ஜானகிராமன் பக்கம் திரும்பினாள்.

"ஆமா சார். நான்தான் அறுத்தேன். புத்தியில்லாம அறுத்துட்டேன். இனிமே அந்த மாதிரி பண்ண மாட்டேன். இந்த ஒரு தபா மன்னிச்சி முட்ட குடுங்க சார். ஆடிக்குள்ள குடுத்தா போதும்."

"நான் என்னம்மா பண்ணட்டும்? சார் எழுதிட்டார், மேல கையெழுத்தும் ஆயிடுச்சு. சார் மாத்தி எழுதினாத்தான் உண்டு" என்றான் ஜானகிராமன்.

இரண்டு பேரும் என்னைப் பார்த்தார்கள். நான்தான் அறுத்தேன் என்ற இரண்டு வார்த்தை. அதைத்தான் அவள் இப்போது என் எதிரிலேயே எனக்காகச் சொல்லியிருந்தாள், நான் திருப்பிச் சொன்னால் போதும். "பார்க்கலாம்மா, போய்ட்டு வாங்க" என்றேன். அவள் வாசல்வரை போய் ஒரு தடவை நின்று, பிறகு போய்விட்டாள். அந்த விஷயத்தை நான் அப்புறம் பார்க்கவேயில்லை. சித்திரையில் எனக்குப் பதவி உயர்வு ஆனது.

ஆடி பிறந்து பத்தாம் நாள், அம்முலுவின் பேரில் கொடுத்த சர்க்கார் சாமான்களைத் திரும்ப எடுத்துவரும்படி அலுவலகத்தில் என்னைத்தான் அனுப்பினார்கள். போய்ச் சேர்ந்தபோது மல்பெரிச் செடிகள் வேரோடு பிடுங்கப்பட்டு வேலி ஓரம் குவிந்து கிடந்தன. வேதகிரி ஏர் ஓட்டிக்கொண்டிருந்தான். என்னைக் கண்டதும் மாட்டை நிறுத்திவிட்டு வந்தான்.

"அண்ணி மாகறல்ல தங்கச்சி வூட்டுக்குப் போயிடுச்சு சார். அங்க நடவு, களை, ஏதோ கூலி வேல" என்றான். அவன் குரலில் சந்தோஷம்கூட இல்லை, ஏதோ பாரம் இறக்கி வைத்த மாதிரி பேசினான். "சாமானுங்கள ஒயுங்கா எண்ணி கொட்டாயில வெச்சிட்டுத்தான் போச்சு. ஒண்ணே ஒண்ணு சொல்லச் சொல்லிச்சு. கொய்யா மரத்துல குஞ்சு கீதாம். சாமான எடுக்கறப்ப கெளய ஆட்டாம எடுக்கணுமாம்."

ஆட்டக்காரிகள் இரண்டும் உழுகிற மாட்டைச் சுற்றிக் கிளம்பிய ஈக்களைப் பிடித்துக்கொண்டிருந்தன. அவற்றுக்குக் குறைவு ஒன்றும் இல்லை. ஒன்று கூட்டுக்கு வந்தது. மூன்று வாய்கள் மேலே எழுந்து மூடின.

கொட்டகைக்குள் போனேன். தட்டுகளைக் கழுவிக் காயவைத்து அடுக்கியிருந்தாள். சந்திரிகைகளில் ஒரு பட்டு இழை ஒட்டியிருக்கவில்லை. மேலே வலைகளை மடித்து வைத்திருந்தாள். தெற்கு ஜன்னல் வலை எது என்று தேடினேன், அறுந்த வலை எதுவும் கண்ணில் படவில்லை. ஒவ்வொன்றாகப் பிரித்து வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தபோதுதான் தெரிந்தது. நான் அறுத்த மூன்று பக்கத்தையும் வெள்ளை நூலால் கண்ணுக்குக் கண் கோத்துத் தைத்திருந்தாள். ஒரு ஊசி ஈ நுழைய அதில் இடம் இல்லை.

சாமான்களைச் சைக்கிளில் கட்டிக்கொண்டு வந்து ஜானகிராமனிடம் ஒப்படைத்தேன். அவன் ரிஜிஸ்டரை எடுத்து வலை எத்தனை, சேதம் ஏதாவது உண்டா என்று கேட்டான். இல்லை என்றேன். "நல்ல நிலையில் பெற்றுக்கொண்டேன்" என்று அச்சடித்திருந்த இடத்தைக் காட்டினான். கையெழுத்துப் போட்டேன்.